அம்மா தினமும் 109-ஆம் சங்கீதம் வாசிக்கிறார்கள், நான் ஆமென் சொல்லலாமா?

நெல்லைப் பெண்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேதத்தைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே பதில் வேண்டும்.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தாத்தா கட்டிய வீடு, தாத்தாவுக்குப் பிறகு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக இருந்தது. அடக்க ஆராதனை முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி சித்தப்பா அம்மாவைப் பத்திரப்பதிவு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா எட்டாவது வரை படித்தவர்கள், தமிழ் தடங்கல் இல்லாமல் வாசிப்பார்கள், ஆனால் சொந்தக் கொழுந்தன் நீட்டிய தாளை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அது விடுதலைப் பத்திரம், அதாவது வீட்டில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். ஆறு மாதம் கழித்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. இப்போது நானும் அம்மாவும் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

அன்றிலிருந்து இரவு ஒன்பது மணி குடும்ப ஜெபத்தில் 109-ஆம் சங்கீதம்தான். அப்பாவின் பழைய வேதாகமம், அதிலுள்ள சிவப்பு நாடா அந்தப் பக்கத்தை விட்டு நகர்வதே இல்லை. அம்மாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு பக்கத்தின் கீழ்மூலை பழுப்பாகிவிட்டது. "அவனுடைய நாட்கள் கொஞ்சமாகக்கடவது" என்ற எட்டாம் வசனத்தில் நிறுத்தி, சித்தப்பா பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்கள்.

அடுத்த வசனம் உங்களுக்குத் தெரியும். "அவனுடைய பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவனுடைய மனைவி விதவையுமாகக்கடவர்கள்." அதைக் கேட்க முடியாமல் எட்டாம் வசனம் முடிந்ததுமே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன், ஏதோ பாத்திரம் கழுவுகிற மாதிரி. அந்தப் பிள்ளை யார்? சித்தப்பாவின் ஒரே மகள். நான் இடுப்பில் தூக்கி வைத்திருந்தவள். இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அம்மாவுக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

போதகர் ஐயாவிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்தார், "சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்றார். அம்மா, "அதுவும் வேதம், இதுவும் வேதம்தானய்யா? இதை ஏன் அச்சடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். ஐயா ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

கிறிஸ்தவர்கள் இப்படி ஜெபிக்கலாமா? நான் அம்மாவை நிறுத்தச் சொல்ல வேண்டுமா?

தேனடை:

சகோதரி, கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். இது பழைய ஏற்பாட்டுக் காலத்து ஜெபம். சமாரியர்களுடைய கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ளாதபோது, எலியா செய்ததுபோல வானத்திலிருந்து அக்கினியை இறக்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்து அவர்களை அதட்டினார் (லூக்கா 9). அதட்டினார் என்றே எழுதியிருக்கிறது. ஸ்தேவான் கல்லடிபட்டுச் சாகும்போது "இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்" என்றார். பவுல் ரோமர் 12-ல் ஆசீர்வதியுங்கள், சபிக்காதிருங்கள் என்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் பத்து வயது, ஆறு வயது மகன்கள் இரண்டு பேரையும் ஜீப்போடு எரித்தார்கள். அவர் மன்னித்துவிட்டேன் என்றார். உங்கள் அம்மா இழந்தது ஒரு வீடு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தேனடை அவர்களே, அந்தக் கடைசி வரியை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். ஸ்டெயின்ஸ் அம்மையாரின் மன்னிப்பு அவருடைய உள்ளத்திலிருந்து வந்தது, யாரும் அவர் முன்னால் போய் நின்று மன்னித்துவிடு என்று கேட்டு வாங்கியதல்ல. அதை எடுத்து இன்னொரு விதவையின் தலையில் சுமையாக வைக்கக் கூடாது. அவர் மன்னித்த பிறகும் அந்தக் கொலை வழக்கு நடந்தது, முதல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பும் வழக்கும் ஒன்றையொன்று ரத்து செய்யவில்லை.

மகளே, உன் கேள்விக்கு வருகிறேன். முதலில், இது பழைய ஏற்பாட்டோடு முடிந்துபோன காரியம் என்பது சரியல்ல. அதே பவுல்தான் கன்னானாகிய அலெக்சந்தர் தனக்கு மிகுந்த தீமை செய்தான் என்று சொல்லி, அவன் செய்கைக்குத் தக்கதாகக் கர்த்தர் அவனுக்குப் பதிலளிப்பாராக என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். வெளிப்படுத்தல் ஆறாம் அதிகாரத்தில் கொல்லப்பட்ட இரத்தசாட்சிகள் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் எங்கள் இரத்தத்துக்குப் பழிவாங்காமல் இருப்பீர் என்று சத்தமிடுகிறார்கள். அவர்கள் பரலோகத்தில் இருக்கிறவர்கள். அவர்களை யாரும் அதட்டவில்லை, வெள்ளை அங்கி கொடுத்து இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். அதட்டல் விழுந்தது யாக்கோபுக்கும் யோவானுக்கும். ஏன்? "நாங்கள் இறக்கட்டுமா" என்று கேட்டார்கள். தண்டனையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தக் கிராமம் செய்ததும் அப்படி ஒரு பெரிய கொடுமை அல்ல, ராத்தங்க இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

109-ஐ நிதானமாக வாசித்தால் அது ஒரு நீதிமன்றம் என்று தெரியும். ஆறாம் வசனத்தில் சாத்தான் அவன் வலதுபக்கத்தில் நிற்பானாக என்று வருகிறது. சாத்தான் என்ற எபிரெயச் சொல்லுக்கே குற்றஞ்சாட்டுகிறவன் என்று பொருள். கடைசி வசனத்தில் எளியவனுடைய வலதுபாரிசத்தில் கர்த்தர் நிற்கிறார். ஒரு பக்கம் குற்றஞ்சாட்டுகிறவன், மறுபக்கம் ஏழைக்காக எழுந்து நிற்கிறவர். நடுவில் இருக்கிற பாட்டு முழுக்க மனுதான். சக்தியில்லாதவன் எழுதிய மனு. அதிகாரம் உள்ளவனுக்கு இந்தச் சங்கீதம் தேவைப்படாது, அவன் நேராக ஆளை அனுப்பிவிடுவான். தாவீதுக்கே, அவரைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா எங்கேதிக் குகையில் தனியாகக் கிடைத்தான், கையில் கத்தி இருந்தது, கூட இருந்தவர்கள் இதுதான் சமயம் என்றார்கள். அவர் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு வெளியே வந்து, கர்த்தர் நமக்கு நடுவில் நியாயம் தீர்க்கட்டும், என் கை உம்மேல் படாது என்றார். வாயில் அவ்வளவு கோபம் இருந்த மனிதருடைய கை சும்மா இருந்தது பார், அதுதான் இந்த ஜெபங்களின் முறை.

நான் முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடவது, கடவன், போவார்களாக, நிற்பானாக, இவையெல்லாம் வியங்கோள். வாழ்க என்பதும் வியங்கோள்தான், வீழ்க என்பதும் வியங்கோள்தான். வாழ்த்துக்கும் சாபத்துக்கும் தமிழில் ஒரே வினைவடிவம். சொல்கிறவன் ஒன்றும் செய்வதில்லை, நடக்கட்டும் என்று இன்னொருவரிடம் விட்டுவிடுகிறான். நம் ஊர்ப் பெண்கள் வயிறு எரிந்தால் மண்ணை வாரித் தூற்றுகிறார்கள், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருகிறார்கள். போலீசும் தாசில்தாரும் கேட்காத இடத்தில் கேட்கிற ஒருவர் இருக்க வேண்டும் என்ற தவிப்பு அது. உன் அம்மா அதைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார்கள், அவ்வளவுதான். கேட்கிறவர் அதை அப்படியே நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சங்கீதமும் சொல்லவில்லை.

பிள்ளைகளைப் பற்றி நீ கேட்டதுதான் கடினமான இடம். அதற்கு ஒன்று சொல்கிறேன், கவனித்துப் பார். அப்போஸ்தலர் 1-ல் யூதாசின் இடத்துக்கு இன்னொருவரைத் தெரிந்தெடுக்கும்போது பேதுரு இதே சங்கீதத்தைத்தான் எடுக்கிறார். எட்டாம் வசனத்தின் பிற்பாதி, அவனுடைய உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன் என்பது மட்டும். அங்கேயே நிறுத்திவிடுகிறார். ஒன்பதுக்குப் போகவில்லை. எசேக்கியேல் 18-ல் குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று கர்த்தரே சொல்லியாகிவிட்டது. நீயும் எட்டாம் வசனத்தோடு எழுந்து போகிறாய், அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காவிரிக்கரை:

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கத்து அனுபவத்தையும் எழுதுகிறேன், இதே சிக்கல் எங்களுக்கும் உண்டு.

எங்கள் குருக்களும் துறவிகளும் தினமும் சொல்லும் செபப் புத்தகமான திருப்புகழ்மாலையில் நூற்றைம்பது திருப்பாடல்களும் (சங்கீதங்களை நாங்கள் அப்படிச் சொல்வோம்) சுற்று முறையில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. 1971-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் திருத்தி வெளியிட்டபோது 58, 83, 109 மூன்றையும் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள், வேறு சில பாடல்களில் சாப வரிகளை மட்டும் நீக்கினார்கள். 137-ஆம் பாடலில் "பாபிலோன் ஆறுகளருகே" என்று அழுகிற பகுதி இருக்கும், குழந்தைகளைப் பாறையில் மோதுகிற கடைசி வரி இருக்காது. இது எங்கள் சபையில் மட்டும் நடந்ததும் அல்ல. ஜான் வெஸ்லி 1784-ல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்கு வழிபாட்டுப் புத்தகம் தயாரித்தபோது, கிறிஸ்தவ சபையின் வாய்க்குத் தகாதவை என்று சொல்லி பல சங்கீதங்களையும் பகுதிகளையும் விட்டுவிட்டார்.

எனக்கு அந்த நீக்கத்தில் உடன்பாடில்லை. எருசலேம் எரிந்த பிறகு பாபிலோனுக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்கள் பாடியது அந்த 137. இரண்டாம் அரசர்கள் நூலின் கடைசி அதிகாரத்தைப் படியுங்கள், யூதாவின் அரசன் செதேக்கியாவின் மகன்களை அவன் கண் முன்னால் வெட்டிவிட்டு, அதன் பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்களிடம் அழுகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஆத்திரத்தை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அகுஸ்தினார் அந்தக் குழந்தைகள் என்பது நமக்குள் முளைக்கிற தீய ஆசைகள், பாறை என்பது கிறிஸ்து என்று விளக்கினார். சிறு வயதிலேயே கேட்ட விளக்கம்தான், நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான், ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

109-க்கு இன்னொரு வாசிப்பும் உண்டு. இரண்டாவதிலிருந்து ஐந்தாம் வசனம் வரை எதிரிகள் பலர், "அவர்கள்" என்று வருகிறது. ஆறிலிருந்து பத்தொன்பது வரை திடீரென்று "அவன்" என்று ஒருமையாகிவிடும். இருபதில் மறுபடி பன்மை. அதனால் நடுவில் உள்ள சாபமெல்லாம் தாவீது சொன்னதல்ல, எதிரிகள் தாவீதின்மேல் போட்டதை அவர் ஆண்டவரிடம் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார் என்று சில அறிஞர்கள் கொள்கிறார்கள், சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அந்த இடத்தில் "அவர்கள் சொல்கிறார்கள்" என்றே சேர்த்திருக்கிறார்கள். "அவர்கள் சபித்தாலும், நீர் ஆசீர்வதியும்" என்று 28-ல் வருவது இதற்குப் பொருந்துகிறது. எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் எனக்கு மிகவும் உதவியவர் ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர். 1937 ஜூலை முதல் தேதி ஹிட்லருக்குப் பணியாத போதகர் மார்ட்டின் நீமொல்லரைக் கைது செய்தார்கள். பத்து நாள் கழித்து, ஜூலை 11 அன்று, ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் மறைவாக நடந்துவந்த குருத்துவப் பள்ளியில் போன்ஹோஃபர் 58-ஆம் பாடலை எடுத்துப் பிரசங்கம் செய்தார். "அவர்கள் வாயிலுள்ள பற்களைத் தகர்த்துப்போடும்" என்று வருமே, அதே பாடல்தான். இதை நாம் செபிக்க முடியாது, நாமும் குற்றவாளிகள், குற்றமற்ற ஒருவரே இதைச் செபிக்க முடியும், அவர் கிறிஸ்து, அவர் கேட்ட நியாயத்தீர்ப்பு சிலுவையில் அவர்மேலேயே விழுந்தது, அதனால் அவரோடு சேர்ந்துதான் நாம் இதைச் சொல்லலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். நண்பர் சிறையில் இருக்கும்போது சொன்னது. அவரையே 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

தேனடை:

வாத்தியார் ஐயா, அந்த வரி தவறுதான். சகோதரி மன்னிக்கவும், உங்கள் அம்மாவிடம் இதைக் காட்ட வேண்டாம்.

ஆனாலும் ஒரு பயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா ஒருவர் இப்படித்தான் பக்கத்து நிலத்துக்காரனுக்கு எதிராக ஜெபித்தார்கள், பதினோரு வருடம். அவன் நன்றாகத்தான் இருந்தான். பெரியம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் வேறு எந்த வசனமும் வாயில் வரவில்லை, ஆஸ்பத்திரிப் படுக்கையில் நான் 23-ஆம் சங்கீதத்தை ஆரம்பித்தால் நடுவில் அந்த ஆள் பேரைச் சொல்லுவார்கள். நீதிபதியிடம் கொடுத்த மனு என்கிறீர்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டாமா? பெரியம்மா கோர்ட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தேனடை, இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே ஐயா. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சங்கீதங்களிலேயே உள்ள ஒரு வழியைச் சொல்கிறேன். 139-ல் உம்மைப் பகைக்கிறவர்களை நான் பகைக்கிறேன், முழுப்பகையாய்ப் பகைக்கிறேன் என்று சொன்ன கையோடு, தேவனே என்னை ஆராய்ந்து என் இருதயத்தை அறிந்துகொள்ளும் என்று வருகிறது. எதிரியைக் காட்டிய விரல் தன் பக்கம் திரும்பிவிடுகிறது. 35-ல், இப்போது என்னை எதிர்க்கிற இவர்கள் வியாதியாகக் கிடந்தபோது நான் இரட்டு உடுத்தி உபவாசம் இருந்தேன் என்கிறார். 83-லும், அவர்கள் உமது நாமத்தைத் தேடும்படிக்கு அவர்கள் முகங்களை அவமானத்தால் மூடும் என்றுதான் கேட்கிறார். மகளே, உன் அம்மாவோடு சேர்ந்து 109-க்குப் பின்னால் 139-ன் கடைசி இரண்டு வசனத்தையும் வாசித்துப் பார். ஒன்றை நிறுத்தச் சொல்வதைவிட ஒன்றைச் சேர்ப்பது எளிது.

பத்திர எழுத்தர்:

எல்லாரும் வேதத்திலேயே இருக்கிறீர்கள், லூக்கா 18-ல் அந்த விதவை ஜெபம் மட்டுமா பண்ணினாள், நியாயாதிபதியிடம் நடையாய் நடந்தாளே!

சகோதரி, விடுதலைப் பத்திரத்தில் அம்மா மட்டும்தானே கையெழுத்துப் போட்டார்கள்? நீங்கள் போடவில்லையே? கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால் அவர் பங்கில் மூன்றில் ஒன்றுதான் மனைவிக்கு, மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு. அம்மாவால் தன் பங்கைத்தான் விட்டுக்கொடுக்க முடியும், உங்கள் பங்கை அல்ல. அம்மாவை ஏமாற்றி வாங்கிய கையெழுத்தை ரத்து செய்யவும் வழக்குப் போடலாம், விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். நாளைத் தள்ளாதீர்கள். காசு இல்லை என்று யோசிக்க வேண்டாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள்.

நெல்லைப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளாக இந்தத் திரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

நேற்று காவிரிக்கரை அண்ணன் எழுதிய விளக்கத்தை அம்மாவிடம் சொன்னேன், நடுவில் வருகிற சாபமெல்லாம் எதிரிகள் சொன்னதாக இருக்கலாமாம் என்று. அம்மா, "அதெல்லாம் இல்லட்டி, நான்தான் சொல்லுதேன், கர்த்தருக்கும் தெரியும்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு எட்டாம் வசனம் வந்தது. சித்தப்பா பெயர் வந்தது. நான் எழுந்து போகவில்லை. வருகிறது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா நேராகப் பதினொன்றாம் வசனத்துக்குப் போனார்கள், கடன்கொடுத்தவன் எல்லாவற்றையும் அபகரித்துக்கொள்வானாக என்று. அதற்கப்புறம் பதினாறு. ஒன்பதும் பத்தும் இல்லை, பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை இல்லை. முடித்த பிறகு ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். "அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்சதிலிருந்து அதை வாசிக்கல. நீ மாடியில போயி அவகிட்ட பேசுறது எனக்குக் கேக்காதாக்கும்?" அப்போ பதினாலு, பதினைஞ்சு? "அதுல அவன் அப்பன் ஆத்தாளைல்லா சொல்லியிருக்கு. உன் தாத்தா ஆச்சிதான அது? அவங்க எனக்கு என்ன செஞ்சாங்க?"

இத்தனை மாதமாக நான் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறேன்.

139-ன் கடைசி இரண்டு வசனத்தை நான் வாசித்தேன். அம்மா ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். சித்தப்பா பெயரை விடச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

வீட்டுக்கு நான் எங்கும் கையெழுத்துப் போடவில்லை, அப்பா உயிலும் எழுதவில்லை. புதன்கிழமை ஆணைக்குழுவுக்குப் போகிறோம். என்னென்ன கொண்டு போக வேண்டும்?

பத்திர எழுத்தர்:

அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாத்தா பெயரில் உள்ள மூலப் பத்திரம் அல்லது அதன் நகல், விடுதலைப் பத்திரத்தின் நகல். கடைசியாகச் சொன்னது உங்களிடம் இருக்காது, பதிவு செய்த ஆபீசில் மனுப் போட்டு வாங்கலாம், வில்லங்கச் சான்று எடுத்தால் அதன் எண்ணும் வருடமும் அதில் இருக்கும். காலி பண்ணச் சொன்ன நாள் எது என்பதற்கு ஏதாவது அத்தாட்சி, வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி, அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், நடந்ததை அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.